நாம கிளம்புறோம்

வன அலுவலகத்தில் மின்விசிறி நின்றிருந்தது. ஆனாலும் கடைசி ஜன்னலுக்கு முன்னால் நீட்டிய தாள்கள் மட்டும் கண்ணாடியை நோக்கி உள்வாங்கி, மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து அலைந்த அச்சகப் பிழைதிருத்துபவருக்கு, அரசாங்க ஜன்னல் மூச்சு விடுவது பெரிய விஷயமாகப் படவில்லை. வேலை செய்தால்தான் அதிசயம்.

காட்டில் மகளோடு கூடாரம் போட்டுத் தங்க அனுமதி வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று, அதில் கையெழுத்திட்டவர் மருத்துவர்தான் என்பதற்கு இன்னொரு சான்று. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று வேறு திருப்பி அனுப்பினார்கள். காட்டில் இவர் காதை யார் தேடப்போகிறார்கள்? ஆனாலும் முணுமுணுக்காமல் போய்க் காதோடு திரும்பினார். வருஷக்கணக்காக அறைக்கதவைச் சாத்தியே வைத்திருந்த மகள், போன வாரம்தான் தானாக வந்து, “அப்பா, நாம ரெண்டு பேரும் எங்கயாவது போலாமா?” என்றிருந்தாள். அந்த ‘நாம’வை அவர் நாக்கு இன்னும் மிட்டாய்போலச் சப்பிக்கொண்டிருந்தது.

“எத்தனை பேரு?” மங்கிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல்.

“நாங்க ரெண்டு பேருங்க. நானும் பொண்ணும்.”

உள்ளே ஏதோ எழுதும் சத்தம். பேனா இல்லை, மரப்பட்டையை நகம் சுரண்டுவதுபோல. ஈர மண்ணின் வாடை. மறுபடி அதே கேள்வி. அதே பதில். மறுபடியும். ஒவ்வொரு முறையும் குரல் கண்ணாடிக்கு நெருங்கியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அவருடைய குரலாக மாறியது. கால் கடுத்தது.

“எப்போ கிளம்புறது?”

“ஐயோ சார், நாளைக்குக் காலைல நாம கிளம்புறோம், போதுமா?”

சுரண்டல் நின்றது.

ஊரார் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவர். தன் பிழை உறைக்க ஒரு கணம் ஆயிற்று. ‘நாங்க’ என்றிருக்க வேண்டும். ‘நாம’ என்றால் கேட்கிறவரும் சேர்த்தி.

“நாமளா?” யாருமே எங்கும் கூப்பிட்டிராத ஒருவருடைய ஏக்கத்தோடு குரல் குழைந்தது. “என்னையுமா?”

“இல்லைங்க... வாய் தவறி... நாங்க மட்டும்தான்...”

முத்திரை விழுந்தது. சீட்டு வெளியே வந்தது. ஜன்னல் மூச்சை நிறுத்தியிருந்தது. குனிந்து துளை வழியே பார்த்தார். மேசையில்லை, நாற்காலியில்லை. சருகுக் குவியல். நடுவே, அப்போதுதான் எதுவோ எழுந்துபோன பள்ளம்.

பேருந்தில் திரும்பும்போது மகள் போனில் அழைத்தாள். “என்னப்பா, உங்க ஃப்ரெண்டும் வர்றாருன்னு சொல்லவே இல்ல? உங்க குரல்லயே பேசுறாரு, செம மிமிக்ரி!”

“கதவத் தொறக்காதம்மா!”

“தொறந்தாச்சே. இன்னைக்கே போயிடலாமாம், நீங்க நேரா காட்டுக்கு வந்துடுவீங்களாமே? சரி, மெதுவா வாங்க. நாங்க கிளம்பிட்டோம்.”

நாங்க. அதில் அவர் இல்லை.

இறங்கினார். ஓடினார். ஒரு செருப்பு போயிற்று. திருப்பம். தெரு.

தெருக்கோடியில், பொழுது சாயும் வெளிச்சத்தில், மகள் முதுகுப்பையோடு நடந்துகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்து, சிரித்துப் பேசியபடி. பக்கத்தில் ஆளில்லை. விளக்குக்கம்பத்துக்கும் மேலேயிருந்து ஒரு நீண்ட கை இறங்கி, பட்டையும் பாசியுமாய், அவள் தலையை வாஞ்சையாகத் தடவிக்கொண்டே கூட வந்தது.