சம்பந்திகளுக்குக் காற்று

செவ்வாய்க் கிரகத்தில் சம்பந்தி வீட்டார் வந்தால் வாசலில் சந்தனம் நீட்டுவதில்லை. வீட்டின் காற்றை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அதுதான் மரியாதை.

வீட்டை ஆளும் கணினிக்கு இல்லாளி என்று பெயர். அதற்குக் கட்டளையிட இரண்டு படிகள் உண்டு. எளியுரிமை இருந்தால் விளக்குப் போடலாம், காப்பி கேட்கலாம். தலைமையுரிமை இருந்தால் காற்றையே நிறுத்தலாம். வீட்டில் ஒருவரிடம் மட்டும் அது இருக்கட்டும், அவரும் அவசரத்துக்கு மட்டும் எடுக்கட்டும் என்கிறது குடியிருப்பு விதி. விதி எழுதியவருக்குக் கல்யாண வயதில் பெண் இல்லை போலும்.

சபாநாயகத்துக்கு இருந்தாள். மகள் வடிவுக்கு இன்று நிச்சயதார்த்தம். காலையிலிருந்து அவர் கூடத்துக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அவங்களுக்கு எளியுரிமை போதும்ப்பா" என்றாள் வடிவு. "தலைமையுரிமை குடுத்தா, அவங்க போடுற செயலிக்கும் அதே அதிகாரம் வந்துரும். அது எதை வேணும்னாலும் செய்யும்."

"எளியுரிமையா? போன வருஷம் ஒருத்தர் அப்படிக் குடுத்து, மாப்பிள்ளை வீட்டார் இலையிலேயே உக்காராமப் போயிட்டாங்க. நீ சும்மா இரும்மா."

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பனுக்குத் தலைமையுரிமை. அவர் மனைவிக்கும் மாப்பிள்ளைக்கும் அதுவே. மாப்பிள்ளையின் தாய்மாமன் குற்றாலிங்கம் கடைசியில் நின்றிருந்ததால், அவர் பெயரைச் சேர்க்கச் சற்றுத் தாமதமாயிற்று. அவர் தோள் துண்டை உதறியதைப் பார்த்துச் சபாநாயகம் ஓடிப்போய்ச் சேர்த்தார்.

குற்றாலிங்கம் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பட்டையிலிருந்த ஒரு செயலியை இல்லாளிக்குள் ஏற்றினார். செவ்வாயில் குடியிருப்பவர்களுக்குச் செவ்வாய் தோஷம் கணித்துச் சொல்லும் இலவசச் செயலி.

"இந்தச் செயலி வீட்டின் எல்லாப் பகுதிகளையும் மாற்ற அனுமதி கேட்கிறது. இதைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை. அனுமதித்தால்..." என்று தொடங்கியது இல்லாளி.

"ஆமா ஆமா, சரி" என்றார் குற்றாலிங்கம். எச்சரிக்கையை முழுதாகக் கேட்பது சின்ன மனிதர்களின் வேலை என்பது அவர் கொள்கை.

செயலி தோஷம் எதையும் பார்க்கவில்லை. முதல் வேலையாக வீட்டில் எல்லோருடைய உரிமையையும் பிடுங்கியது. அடுத்து வாயிற்கதவைப் பூட்டிவிட்டுக் காற்றுக் குழாயை மூடியது. எந்தப் போக்கிரியோ எங்கேயோ உட்கார்ந்து செய்த விஷமம்.

ஆவுடையப்பன் அதட்டினார், இல்லாளி அசையவில்லை. குற்றாலிங்கம் தம் பதவியைச் சொன்னார். அதுவும் எடுபடவில்லை. கூடத்தில் வெக்கை ஏறியது. சபாநாயகத்தின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒருவழியாக, காற்று நின்றது தெரிந்து வந்த குடியிருப்புக் காப்புப்படை அதிகாரியின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

"செயலியத் துடைச்சாச்சு. இனி உள்ள இருக்கிற ஒருத்தர் பேர்ல தலைமையுரிமை பதிஞ்சாத்தான் காத்தும் கதவும் திறக்கும். பேர் சொல்லுங்க. நடந்ததுக்கு விசாரணை உண்டு, பேர் பதிஞ்சவங்கதான் வந்து பதில் சொல்லணும்."



"இது சம்பந்தியோட வீடு. அவர் பேர்தான் முறை" என்றார் ஆவுடையப்பன், மூச்சு வாங்க.

"நீங்க இருக்கும்போது நான் எப்படி" என்று சபாநாயகம் கைகூப்பினார். "மாமா பெரியவர்."

"நான் வந்துபோற ஆளு" என்றார் குற்றாலிங்கம். "அக்கா பேரச் சொல்லலாமே."

அக்கா மயக்கம் போட்டிருந்தாள். உண்மையோ பொய்யோ.

"வடிவுன்னு போடுங்க" என்றாள் வடிவு. "சபாநாயகம் மகள்."

குழாய் சீறியது. கதவு விலகியது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

குற்றாலிங்கம் அதை இரண்டு முறை ஆழ இழுத்து நெஞ்சில் நிரப்பிக்கொண்டார்.

"பாத்தீங்களா அத்தான்" என்றார் ஆவுடையப்பனிடம். "பெரியவங்க இத்தனை பேர் இருக்கோம். ஒரு வார்த்தை கேக்கல. தன் பேரத் தானே சொல்லிக்கிடுது பொண்ணு."

ஆவுடையப்பனின் முகம் கறுத்தது.

"சின்னப் பிள்ளை, தெரியாமச் செஞ்சிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் சபாநாயகம், தமக்குக் கிடைத்த முதல் மூச்சில்.