இன்னொரு சரணம்

அக்கா மூச்சு இழுக்கவில்லை.

தங்கைக்கு முதலில் பட்டது அதுதான். மேடையோரம் பியானோவில் உட்கார்ந்து இத்தனை வருடமாக அக்காவுக்கு வாசிக்கிறவள் அவள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அக்கா நெஞ்சு நிறைய இழுக்கும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் விரல்கள் இறங்கும். இன்று பல்லவி முடிந்தது, சத்தம் வரவில்லை. வரி மட்டும் வந்தது.

ஆளில்லாத அரங்கின் மத்தியானப் புழுக்கம், திரைச்சீலையின் தூசி வாடை, காலி நாற்காலிகளுக்கு மேலே எங்கோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றும் ஓசை, இவற்றுக்கு நடுவே ஒற்றை விளக்கின் கீழ் நின்று, நாடகத்தில் சாகப்போகிற தாய் பாடும் பாட்டை அக்கா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்வரை வந்த வெயில்
வீட்டுக்குள் வருமுன்னே சாய்ந்ததடி..."

காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றவள். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "தினம் மேடையில செத்துட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு வாய் கூடுதலா சாப்பிடறவடி நான்" என்று சிரித்துவிட்டு ஒப்பனை அறையில் போய்ப் படுத்தாள். வெகுநேரம் கழித்துத் தானாகவே எழுந்து வந்தாள். நேராக விளக்கடியில் போய் நின்றாள். நாளை முதல் காட்சி. தங்கை வாசிக்கத் தொடங்கினாள்.

இப்போது வேண்டுமென்றே இடையிசையை நீட்டினாள். மூச்சுக்குக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. மூச்சே எடுக்காமல், சுருதி பிசகாமல், அடுத்த வரி வந்து விழுந்தது.

தங்கை கையை எடுத்தாள்.

குரலும் நின்றது. அக்காவின் முழங்கால்கள் மடங்கின. கொடியில் போட்ட துணிபோலத் தலை தோளில் தொங்கியது.

பதறிய விரல்கள் கட்டைகளில் விழுந்தன. ஏதோ ஒரு சுரம். அக்கா நிமிர்ந்தாள்.

"நிறுத்தாதேடி." பாட்டின் ராகத்திலேயே சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம்."

"என்னக்கா பண்ணுது உனக்கு?"

பதிலுக்கு வந்தது பாட்டுதான்.

பாடிக்கொண்டே பியானோவருகே வந்தாள். வலது கையால் வாசித்தபடி தங்கை இடது கையை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். அரங்கையே நிறைத்த அந்தக் குரலில் உள்ளங்கைக்கு ஒரு சொட்டுக் காற்றும் வரவில்லை. விரல் உதட்டில் பட்டது. சில்லிட்டது.

தங்கைக்குப் புரிந்துவிட்டது.

பியானோ மூடியைச் சாத்திவிட்டு ஓடியிருக்கலாம். வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் தாயில்லாத வீட்டில் தனக்குத் தலை வாரிவிட்ட கை, இப்போது தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. கல் கனம்.

கடைசிச் சரணம் வந்தது. முடியப்போகிறது.

தங்கை மறுபடி பல்லவியை எடுத்தாள்.

மறுபடியும்.

மறுபடியும்.

வெளியே வெயில் போனது. நகக்கண் கிழிந்து, ரத்தத்தில் கட்டைகள் வழுக்கின. அவள் அழவில்லை. அழுதால் தாளம் தப்பும்.

எங்கிருந்தோ ஓர் ஈ வந்தது. அக்காவின் கன்னத்தில் உட்கார்ந்தது. மெல்ல ஏறி, திறந்திருந்த கருவிழிமேல் நடந்தது. இமை அசையவில்லை. பிறகு இறங்கியது. மூக்கோரம். மேலுதடு.

உச்ச சுரத்துக்காக அகலத் திறந்திருந்த வாய்க்குள் நுழைந்தது.

பாட்டு நிற்கவில்லை.