இரண்டு தட்டினால் வரலாம்

கேட்டது பழக்கதோஷம். பதில் வந்ததுதான் வினை.

வண்டியைக் கிளப்பும் முன், இத்தனை வருடம் புருஷன் செய்தது போலவே ஜன்னல் வழியே தலையை நீட்டி, "போலாமா?" என்று பின்பக்கம் பார்த்துக் கத்திவிட்டாள். ஆளில்லாத லாரி. ஆனாலும் பின்பலகையில் டப் டப் என்று இரண்டு தட்டு விழுந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் டிரைவர், அவள்தான் கிளீனர். ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் வா. தட்டுகிற கை எப்போதும் அவளுடையது. இப்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஸ்டீயரிங்கில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வெயிலில் பலகை விரிந்து சத்தம் போடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கியரைப் போட்டாள்.

லாரிக்கு அவர்கள் வைத்த பெயர் பெரியவர். பழைய இரும்புக்குப் போகவேண்டிய வயது. செருப்புத் தேய அலைந்து, பழங்கால வாகனம் என்று அதைப் பதிவு செய்து வாங்கியிருந்தாள். பதிவு அலுவலக அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இது இனிமே சும்மா ஓட்டிப் பாக்கற வண்டிம்மா. சரக்கோ ஆளோ ஏத்திப் பொழப்பு நடத்தக்கூடாது. மாநிலம் தாண்டறப்போ மாட்டினா வண்டியையே புடுங்கிப்பாங்க."

"ஏத்தறதுக்கு எனக்கு யாரு சார் இருக்கா?" என்றாள் அவள்.

இருந்தது ஒரே மகள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தானே பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவளோடு அப்பா பேசவே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சிழுத்துக்கொண்டு, "பாப்பாவைக் கூட்டிட்டு வா, பாப்பாவைக் கூட்டிட்டு வா" என்று இரவெல்லாம் அரற்றினார். மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகுதான் போனில் அழுதாள். "அப்பா வண்டியை எடுத்துட்டு வந்துடும்மா. நீயும் இங்கயே என்கூட இருந்துடு."

இனி அவளுக்கு உலகத்தில் மிச்சம் அந்த ஒரு வீடுதான்.

ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளப்பும்போதும் அவள் கேட்காமலே தட்டு விழுந்தது. பயந்தாள். ஆனால் பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது. எஞ்சின் உறுமலுக்கும் தார்ப்பாயின் படபடப்புக்கும் நடுவே, பின் கண்ணாடியைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்கதானே?"

டப் டப்.

பாவி மனுஷன், செத்தும் வண்டியை விடவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது. "பாப்பா வீட்டுக்குத்தாங்க போறோம்" என்றாள். தட்டு அவசரமாக விழுந்தது, திரும்பத் திரும்ப விழுந்தது. கேபினுக்குள் பீடி வாசனை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பினாயில் நாற்றம், அதற்கடியில் புண்ணின் நாற்றம்.

எல்லைச் சோதனைச் சாவடியில் எடைமேடை மீது ஏற்றச் சொன்னார்கள். காவலர் எடையைப் பார்த்தார், குனிந்து பின் ஸ்பிரிங் பட்டையையும் பார்த்தார்.

"காலி வண்டின்னு எழுதியிருக்கு. பட்டை இப்படி அமுங்கி நிக்குதே, என்னம்மா ஏத்தியிருக்கே?"

"ஒண்ணுமில்ல சார், சத்தியமா."

வண்டியைப் பிடுங்கிக்கொண்டால் அவரையுமல்லவா பிடுங்கிக்கொள்வார்கள். காவலர் பின்கதவை இறக்கி உள்ளே ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு மட்டும் குளிரில் வெடவெடத்தது.

"ஒண்ணும் இல்ல, கிளம்பு" என்றார். "எங்கயும் நிறுத்தாம போ."

மகள் வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்திருந்தது. மகள் ஓடிவந்து கேபின் படியில் ஏறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். எத்தனை நாள் ஏங்கிய கன்னம். அந்த நிமிடம் பினாயில் நாற்றம்கூட மறந்துபோயிற்று.

"அழாத பாப்பா. வந்துட்டேன்ல."

வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை, உள்ளே கடைசியில் செங்கல் சுவர். வண்டியைப் பின்னால் விட்டுத்தான் நுழைக்கவேண்டும். "எனக்குத் தெரியாதா? நான் தட்டறேன், நீ வாம்மா" என்று மகள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள். கொட்டகை இருட்டில் உருவம் தெரியவில்லை.

டப் டப். வந்தாள்.

டப் டப். இன்னும் வந்தாள்.

டப்.

ஒற்றைத் தட்டு. பிரேக்கை மிதித்தாள்.

டப் டப்.

இது வேறு இடத்திலிருந்து வந்தது. பலகைக்கு உள்ளேயிருந்து.

பிரேக் தரைவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை. எஞ்சினை அணைத்தாள். நிற்கவில்லை. கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். பின்னால் பெருஞ்சுமை இருப்பது போலப் பெரியவர் முனகிக்கொண்டு, மெல்ல, மிக மெல்லச் சரிந்துகொண்டே இருந்தார்.

"அம்மா! நிறுத்தும்மா!"

"ஏங்க, வேண்டாங்க! அவ நம்ம பாப்பாங்க!"

டப். மகளின் உள்ளங்கை.

டப் டப்.

டப். டப்.

டப் டப்.

டப்.

டப் டப்.

டப் டப்.

டப் டப்.