முப்பத்தெட்டாம் அளவுக் கோடு

"அசையாம இருங்க... என்னைப் பாக்காதீங்க, என் நெத்தியைப் பாருங்க."

ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது அவள் சொல்கிற வாசகம்தான் இது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவள் வேலையே அதுதான். எதிரில் உட்காருகிறவரின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று சின்ன அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். ஆறு வருடமாகக் கண்களை எண்களாகவே பார்த்துப் பழகியவள். சிரிக்கிற கண், அழுத கண் எல்லாமே அவளுக்கு அறுபத்திரண்டு, அறுபத்து நான்கு... அவ்வளவுதான்.

இன்றைக்கு மட்டும் எண் மனதில் நிற்கவே மாட்டேன் என்றது.

வெளியே மழை கொட்டித் தீர்த்தது. பஸ்ஸில் நெரிசலில் உடைந்துபோன கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, தெப்பமாக நனைந்து வந்திருந்தான் அவன். இமையில் இன்னும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் எதுவும் சரியாகத் தெரியாத கண்கள்... அதனாலேயே எதைப் பார்த்தாலும் ஆசையாகப் பார்ப்பது போல் இருந்தன. அளந்தாள். மறந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"மூணாவது தடவை அளக்கறீங்க. என் கண்ணு என்ன அவ்வளவு கோணலா?"

"கண்ணு நேராத்தான் இருக்கு. நீங்கதான் ஆடறீங்க!"

எப்படியோ எழுதி முடித்துவிட்டு, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் சட்டையில் வைத்தாள். வைத்த இடத்தில் அது நின்றுவிட்டது. அந்தக் காலரும், ஓரம் சாய்ந்த அந்தப் பையும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை.

"இது கடையில வாங்கின சட்டை இல்லையே... 'ஊசிமுனை'யில போன வருஷம் வந்த பேட்டர்ன்தானே?"

அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்கண்ணனுக்கு இதையே நான் தச்சுக் கொடுத்திருக்கேன். நாலு வருஷமா சந்தா கட்டறேன். இனிமே கட்டறதா இல்ல!"

"ஏன்?"

கேட்டிருக்கக் கூடாது. மனதில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அவள் கொட்டிவிட்டாள். வீட்டிலேயே துணி தைத்துக்கொள்கிறவர்களுக்கான பத்திரிகை அது. நடுப்பக்கத்தில் ஒரு பெரிய தாளை மடித்து வைத்திருப்பார்கள். ஒன்பது உடுப்புகளின் கோடுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். அவரவர் அளவுக்கான கோட்டைத் தேடிப் பிடித்து, மெல்லிய தாளை மேலே வைத்து நகல் எடுத்துத் துணியை வெட்ட வேண்டும். போன இதழில் வந்த பெண்களுக்கான மேல்கோட்டு ஒன்றைத்தான் அவள் அப்படி வெட்டினாள். கரும்பச்சைத் துணி, ஆசை ஆசையாகத் தேடி எடுத்தது. கைப்பகுதியைத் தோளில் பொருத்தப் போனால் இரண்டு விரல் அளவுக்கு இடிக்கிறது!

"அதை வரைஞ்ச ஆளு தூங்கிக்கிட்டே வரைஞ்சிருப்பார் போல. சந்தாவை நிறுத்துங்கன்னு காரசாரமா ஒரு கடுதாசி போட்டிருக்கேன்."

"தூங்கல" என்றான் அவன். "முழிச்சுக்கிட்டுத்தான் வரைஞ்சேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்தான் அங்க பேட்டர்ன் மாஸ்டர். பதினோரு வருஷம்... ஒரு திருத்தம் வந்தது கிடையாது. நீங்கதான் கோடு மாறி நகல் எடுத்திருப்பீங்க."

"நானா? எனக்குக் கோடு தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா கை ஏன் இடிக்குது?"

கடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ரசீதைக் கிழித்து மேஜைமேல் வைத்தாள். "கண்ணாடி வியாழக்கிழமை ரெடி ஆகும். வந்து வாங்கிக்கங்க!"

அவன் விறுவிறுவென்று மழையில் இறங்கிப் போனான். அந்தத் திமிரைப் பார்... என்று பொருமினாள். அந்தக் கண்ணையும் பார்... என்றது மனசு. வாயை மூடு என்று மனசையே அதட்டினாள்.

வீட்டில் அவளுக்கு 'ராங்கி' என்று பெயர். வைத்தது அண்ணி. சும்மா வைக்கவில்லை. உடுத்துகிற ஒவ்வொன்றையும் தானே தைத்துக்கொள்கிறவள் அவள். யாராவது "எங்க வாங்கினது?" என்று கேட்டால் போதும், "வாங்கல, நானே தச்சது" என்று சொல்லும்போது அவள் கழுத்து இரண்டு அங்குலம் உயரும். திங்கட்கிழமை கடையின் புதிய கிளை திறக்கிறது. அதற்கு அவள்தான் பொறுப்பாளர். முதல் நாள் அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும் என்பது அவள் சங்கல்பம்.

"அந்த ஆளு சொன்னதைத்தான் ஒரு தடவை பாத்துடேன் ராங்கி" என்றாள் அண்ணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? தப்பு அவரோடது."

"அப்போ பாக்கறதுக்கு ஏன் பயப்படறே?"

வெடுக்கென்று எழுந்து போய்த் தாளை விரித்தாள். அவளுடைய முப்பத்தெட்டாம் அளவுக்கு நீளக் கீறல்கள் போட்ட கோடு. முப்பத்தாறுக்குக் குட்டிக் கீறல்கள். விரலை வைத்து நகர்த்தினாள். கை பொருத்துகிற வளைவில், ஏதோ ஒரு குழந்தைச் சட்டையின் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அந்தச் சந்திப்பைத் தாண்டியதும் அவள் எடுத்த நகல் எங்கே போயிருக்கிறது என்று பார்த்தாள்...

முப்பத்தாறில் போயிருந்தது.

ஐயோ என்று ஆகிவிட்டது அவளுக்கு. நாலு பேர் முன்னால் அவ்வளவு பேசினோமே... கடுதாசி வேறு! தாளை மடித்துப் பரணில் வைத்தாள். யாருக்குத் தெரியப் போகிறது? அண்ணி கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு போன் வந்தது. 'ஊசிமுனை'யின் ஆசிரியை பேசினார்.

"உங்க கடிதம் கிடைச்சுதும்மா. அடுத்த இதழ்ல திருத்தம் போடறோம். தப்பு தன்னோடதுன்னு எங்க மாஸ்டரே எழுதிக் கொடுத்துட்டார். பதினோரு வருஷத்துல இதுதான் முதல் தடவை... பாவம், முகமே சரியில்ல. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது."

போனை வைத்தாள். தப்பு இல்லை என்று மார்தட்டினவன் ஏன் ஒத்துக்கொண்டான்? பேசாமல் இருந்தால் அவள் கௌரவம் பத்திரம். பதிலுக்கு அவன் பெயர் போகும்... அவள் செய்த தவறுக்கு. அது மட்டும் அவளால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது. ராங்கி என்றால் அடுத்தவன் பெயரில் ஏறி நின்று நிமிர்கிறவள் என்று அர்த்தமா?

மணி மூன்றே கால். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நகல் தாளை எடுக்க வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து மழையில் ஓடி, பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

நீண்ட மேஜை. அதன்மேல் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து வரைந்துகொண்டிருந்தான் அவன். கண்ணாடி இல்லை அல்லவா... ஆசிரியை பக்கத்தில் நின்றார். மாதிரி உடுப்பு தைக்கிற இரண்டு பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தப்பு என்னோடது" என்றாள் அவள், மூச்சு வாங்க.

பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. தாளை விரித்து, கோடு மாறிய இடத்தில் விரலை வைத்தாள். தலை மட்டும் குனியவில்லை.

ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்ல மாஸ்டர்! திருத்தத்தை எடுத்துடலாம்."

"வேண்டாம் மேடம், இருக்கட்டும்" என்றான் அவன். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "கோடு மாறினது எனக்குத் தெரியும். நேத்து சண்டை போட்டுட்டு வந்ததும் தாளை எடுத்துப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா எழுதிக் கொடுத்தீங்க?"

"அந்த இடத்துல நீளக் கீறலுக்கும் குட்டிக் கீறலுக்கும் வித்தியாசமே இல்லாம வரைஞ்சிருக்கேன். நாலு வருஷமா தைக்கிற நீங்களே மாறிப் போனா, முதல் தடவை தைக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? அது என் தப்புதாங்க."

"அதெப்படி? கவனிக்காதது நான்!"

"வரைஞ்சது நான்!"

"என் தப்பை நீங்க தூக்கிட்டுப் போக முடியாது சார். திருத்தம் போட்டா என் பேரையும் போடுங்க!"

"மணி மூணு அம்பது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ஆசிரியை. கடைசியில் இரண்டு பேர் பெயரோடும் ஒரு திருத்தம் எழுதி, அச்சுக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அவள் படியிறங்கினாள். பின்னாலேயே அவனும், சுவரைத் தடவிக்கொண்டு.

"ஒரு நிமிஷம்... உங்க கோட்டு வீணாகல. வளைவைச் சின்னதாத்தானே வெட்டியிருக்கீங்க? துணி அங்கேயேதான் இருக்கு. முப்பத்தெட்டு வரைக்கும் இறக்கி வெட்டினா கை ஒழுங்கா உக்காந்துடும். நானே வெட்டித் தரேன்."

"வேண்டாம். நானே வெட்டிக்குவேன்."

"அதானே!" என்று சிரித்தான். சிரிப்பு நின்றது. "இன்னொண்ணு சொல்லணும்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல... இத்தனை வருஷமா கோடு கோடா வரைஞ்சு அனுப்பறேன். யார் தைக்கிறாங்க, யார் போட்டுக்கறாங்க, எதுவும் தெரியாது. நேர்ல வந்து சண்டை போட்ட முதல் ஆள் நீங்க. நேத்திலேர்ந்து எனக்கு..."

வாசலில் மழை சாரலாக இறங்கியிருந்தது. அவன் தடுமாறுவதைப் பார்த்தாள். இன்னும் ஒரு நொடி விட்டால் அவன் முந்திவிடுவான்.

"இருங்க. முதல்ல நான் சொல்றேன்" என்றாள்.

"என்ன?"

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கண்ணை அளந்தப்பவே பிடிச்சுப்போச்சு. அந்தக் கோபத்துலதான் அவ்வளவு பேசினேன்."

"நான் சொல்ல வந்ததை..."

"நீங்களும் சொல்லுங்க. கேக்கத்தான் நிக்கறேன்."

சொன்னான். தட்டுத் தடுமாறி, காது வரை சிவந்து, முழுசாகச் சொன்னான். மேலே ஜன்னலில் மூன்று தலைகள் எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ராங்கி நிமிர்ந்த தலையோடு தெருவில் இறங்கினாள்.