குளிராமலே இழுத்த பளிங்கு

"திங்கட்கிழமைக்குள்ளை காரணம் சொல்லாட்டி என்ர ஆராய்ச்சிப் பட்டம் போச்சு அக்கா," என்றாள் சுவேதினி.

கீரி என்ற கடற்கரை ஊரில் அவள் வீட்டுக்கு வந்த ஓய்வுபெற்ற பொலிஸ் பரிசோதகர் கலாராணி, கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். பின்னால் ஆவலோடு வந்த ஆட்டோக்கார ஜெஸீமை வாசலிலேயே சுவேதினியின் தாய் லூர்தம்மா மறித்தாள்.

"மிதியாதை தம்பி! பாம்பு அண்டாமல் போட்ட மடு மாதா கோயில் மண்."

சுவேதினி சின்னத் தகரப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சுக்குள் கறுத்த பளிங்குத் துணுக்கொன்று.

"தடையில்லாமல் மின்சாரம் ஓடுற குணத்தைக் காந்தம் கெடுத்துப்போடும் எண்டுதான் சொல்லுறவை. இதிலை இரண்டும் ஒண்டா இருக்கு. ஆனால் கடுங்குளிரிலைதான். போன கிழமை கொழும்பிலை அளக்கேக்கை, குளிராக்க முதலே காந்தம் காட்டிச்சுது. நான் இரும்புத்தூள் கலந்திட்டன் எண்டு பேராசிரியர் சொல்லுறார்."

"ஊருக்குக் கொண்டுவர முதல்?"

"சோதிச்சனான். ஒண்டுமில்லை."

"கொழும்பிலை ஆர் அளந்தது?" என்றான் ஜெஸீம்.

"என்னோட படிக்கிற டிலக்‌ஷன்."

"ஆள் பிடிபட்டிட்டார்!"

"பொறும், ஜட்ஜ் ஐயா," என்ற கலாராணி, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றினார். பஞ்சை வெள்ளைத் தாளில் தட்டி, தாளின் அடியில் காந்தத்தை நகர்த்தினார். செந்நிறத் தூசியில் சில துகள்கள் காந்தத்தின் பின்னால் ஊர்ந்தன.

"சுவேதினி ஏமாத்தியிருந்தால் அறைச் சூட்டிலேயே காட்டிக்குடுக்கிற தூளைப் போட்டிருக்கமாட்டாள். டிலக்‌ஷன் கெடுக்க நினைச்சிருந்தால் ஆய்வுகூடத்திலை இரும்புத்தூள் இருக்கு, மண் எதுக்கு? மண்ணிலையும் இரும்பு இருக்கெண்டே தெரியாத, ஆனால் நல்லது நினைச்ச ஆள்தான் இதைப் போட்டது. கீரி மணல் வெள்ளை. இந்தச் சிவப்பை நான் வாசலிலைதான் கண்டனான்."

எல்லோரும் லூர்தம்மாவைப் பார்த்தார்கள்.

"பெட்டியை மாதா சுரூபத்துக்கு முன்னாலை வைச்சிருந்தனான்," என்றாள் அவள். "சோதினைக்குப் போற சாமான் எண்டவள். பஞ்சுக்குள்ளை ஒரு சிட்டிகைதான்…"

"அம்மா!" சுவேதினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

துணுக்கைக் கவனமாகக் கழுவித் துடைத்தார்கள். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனபோது அது அசையவேயில்லை.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து சுவேதினியின் தொலைபேசி அழைப்பு வந்தது. "குளிராக்க முதல் ஒண்டுமில்லை அம்மா. குளிரிலை இரண்டும் இருக்கு. பேராசிரியர் மன்னிப்புக் கேட்டவர்."

லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். செய்தி கேட்க வந்திருந்த ஜெஸீம் கையை நீட்டினான்.

"எனக்கும் ஒரு சிட்டிகை தாங்கோ அன்ரி, ஆட்டோவுக்கு. அதை ஒருத்தரும் அளக்கமாட்டினம்."