இரண்டாவது பதினைந்து

டமார்!

துப்பாக்கிப் பயிற்சிச் சுடுதளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெடிச் சத்தம் இல்லை இது. இது வேறு!

லோரன்ஸ் தன் மேசையில் முகம் கவிழ்ந்து கிடந்தார். கையில் இருந்த ரைபிள் பிளந்து போயிருந்தது. அதன் போல்ட், தோட்டாவை உள்ளே பூட்டும் இரும்புத் தண்டு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை...

லோரன்ஸின் வலது கண்ணுக்குள் இருந்தது!

பக்கத்து மேசையில் சூசைப்பிள்ளை. முப்பத்தைந்து வருட நண்பர். காது மூடியை மெதுவாகக் கழற்றினார். மடித்தார். பெட்டிக்குள் வைத்தார்.

"ஐயோ... லோரன்ஸ்!"

வைத்த பிறகுதான் அலறினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

அது சனிக்கிழமை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரப் போலீஸ் நிலையத்தில் போன் அலறியது.

எடுத்தவள் கிளோறியா. வயது முப்பத்து மூன்று. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் துப்பறிபவள். மேலதிகாரி ஹென்ரிக் காலையிலேயே சொல்லிவிட்டார்: வீட்டில் தோட்டா நிரப்புகிற ஆள், கவனக்குறைவு, விபத்து. பன்னிரண்டு மணிக்குக் கோப்பை மூடு!

இன்னும் இரண்டு மணி நேரம்.

"கிளோறியா, சாப்டியா?" மறுமுனையில் இளவேனில். திருச்சிக்காரி. போலீஸ் ஆய்வுக்கூடத்தில் உலோக நிபுணர்.

"இன்னும் இல்லை அக்கா."

"நல்லதாப் போச்சு. போட்டோ அனுப்பறேன்."

அனுப்பினாள். கிளோறியா பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று இருந்தது.

"லோரன்ஸோட பெட்டியில மிச்சமிருந்த தோட்டா எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன்" என்றாள் இளவேனில். "எல்லாத்துலயும் சரியான ரைபிள் வெடிமருந்து. அளவு முன்ன பின்ன... சோம்பேறி வேலை! ஆனா ஆபத்து இல்ல. வெடிச்ச அந்த ஒண்ணுல மட்டும் பிஸ்டல் மருந்து. சரசரன்னு எரியும். ரைபிள்ல அதை நிரப்பினா குழாய் தாங்காது."

"அந்த டப்பா லோரன்ஸின்ர கொட்டிலிலதான் கிடந்தது. மாறி எடுத்திட்டார் எண்டு ஹென்ரிக் சொல்லுறார்."

"டப்பா மாறினா எல்லாத் தோட்டாவும் மாறணும்! ஒண்ணே ஒண்ணு எப்படிம்மா மாறும்?"

கிளோறியா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இன்னொண்ணு... செத்தவர் ஜாக்கெட் பாக்கெட்ல ஒரு தோட்டா இருந்துச்சு. பேனாவால 15ன்னு எழுதிருக்கு. அதுல மருந்து சுத்தம். அளவு அச்சு அசல். இது லோரன்ஸ் செஞ்சது இல்ல. எவனோ ஒரு ஒழுங்கு பிடிச்சவன் செஞ்சது."

அந்த ஒழுங்கு பிடிச்சவர் யாரென்று கிளோறியாவுக்குத் தெரியும். ஹோர்சன்ஸ் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும்!

கோப்பைப் புரட்டினாள். சனிக்கிழமை எடுத்த படம். சூசைப்பிள்ளையின் தோட்டாப் பெட்டி. இருபது குழிகள். பதினைந்தாவது குழி மட்டும்... காலி!

"இன்னும் ஏதாவது கிடைச்சா எடுங்கோ அக்கா. நான் போறன்."

கூட வந்த சீருடைப் போலீஸ்காரர் வாசலில் நின்றுகொண்டார். சூசைப்பிள்ளையின் கராஜ் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. சுவர் மட்டும் அப்படி இல்லை. சுவர் முழுக்க மான் கொம்புகள். கீழே மண்டையோட்டுத் துண்டும், அதற்குக் கீழே தேதியும்!

"வா பிள்ளை, வா! நீ பீற்றரின்ர மகள் எல்லே? தமிழ்ச் சோதினையில முப்பத்திரண்டு எடுத்தனீ. நான்தான் பேப்பர் திருத்தினது. 'அம்மா'வையே பிழையா எழுதின பிள்ளை!"

"ஓம் அங்கிள்." சிரித்து வைத்தாள்.

"இரு. இறைச்சி றோல்ஸ் சாப்பிடு. ஆன்ரி காலமை பொரிச்சது."

மறுத்தால் விடமாட்டார். ஒரு கடி கடித்தாள்.

"லோரன்ஸ் அங்கிளைப் பற்றி..."

"நாளைக்குக் கோயில்ல அஞ்சலிப் பூசை. நான்தான் அவனைப் பற்றிக் கதைக்கிறது." ஒரு தாளை நீட்டினார். "'அன்பு நண்பன்' எண்டு போடவோ, 'ஆருயிர் நண்பன்' எண்டு போடவோ?"

கிளோறியா தாளைத் தொடவில்லை.

"தோட்டா நிரப்புறது ஆபத்தோ அங்கிள்?"

"சீச்சீ! ஒழுங்கா செய்தா கடைத் தோட்டாவை விடத் திறம்." அவர் முகம் மலர்ந்தது. "புத்தகத்தில போட்டிருக்கிற கீழ் அளவில தொடங்க வேணும். அதில அஞ்சு தோட்டா. பிறகு ஒரு கடுகளவு கூட்டி அடுத்த அஞ்சு. சுட்டுச் சுட்டுப் பாக்க வேணும். போல்ட் இறுகிச்செண்டா, அடியில இருக்கிற பிரைமர் மூடி தட்டையாச்செண்டா... நிப்பாட்டு! மிச்சத்தைச் சுடக் கூடாது. வீட்ட கொண்டு வந்து பிரிச்சுப் போட வேணும்."

"மருந்து மாறிப் போகாதோ?"

"மேசையில எப்பவும் ஒரு டப்பாதான். ரெண்டு வைச்சா எமனுக்குக் கதிரை போட்ட மாதிரி! லோரன்ஸ் எங்க கேட்டான்? நிறுக்கவும் பஞ்சி, எழுதவும் பஞ்சி. சரியான சோம்பேறி! நான் அப்பிடியோ? ஒவ்வொண்டுக்கும் நம்பர் போடுவன். சுடப் போற அண்டு காலமையும் ஒருக்கா எல்லாத்தையும் நிறுப்பன்."

"இந்தச் சனிக்கிழமையும் நிறுத்தனீங்களோ?"

"நிறுக்காமல் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டன்!"

பெருமை! அந்தப் பெருமையில் அவர் வாயைத் தானே திறந்து விட்டதை அவர் கவனிக்கவில்லை. கிளோறியா கவனித்தாள்.

"இதுதான் கொப்பியோ?"

மேசையில் நீலக் கொப்பி. சனிக்கிழமை வந்த டேனிஷ் போலீஸ்காரர்கள் இதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துப் போயிருந்தார்கள். எல்லாம் தமிழ். படம் கோப்பில் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

"இருவது வருசக் கணக்கு! எத்தினை அளவு, எந்தத் திகதி, சுட்டதோ பிரிச்சதோ... எல்லாம் இருக்கு. இதில ஒரு சொல் பொய் எழுதினா அடுத்த முறை என்ர முகம் போயிடும்." சிரித்துக்கொண்டே கொப்பியை அவள் பக்கம் தள்ளினார். "எங்க... வாசி பாப்பம்!"

முப்பத்திரண்டு மார்க்ஸ் போட்டவரின் தைரியம்!

கிளோறியா தொடுமுன் போன் அடித்தது. இளவேனில்.

"ஏய், உக்காந்துக்கோ. வெடிச்ச தோட்டாவோட அடிப்பாகத்தை அல்ட்ரா வயலட்ல வச்சேன். பேனா மை இருந்திருக்கு. யாரோ துடைச்சிருக்காங்க. ஆனா தெரியுது."

"என்ன நம்பர்?"

"பதினஞ்சு!"

"அப்ப... ரெண்டு பதினைஞ்சு!"

கிளோறியா போனை வைத்தாள்.

"அங்கிள், லோரன்ஸ் இஞ்ச கடைசியா எப்ப வந்தவர்?"

"வியாழக்கிழமை. தேத்தண்ணி குடிக்க."

"தேத்தண்ணி ஊத்த நீங்கள் உள்ள போனீங்கள். அந்த நேரம் அவர் உங்கட பதினைஞ்சை எடுத்துப் பொக்கற்றில போட்டார். தான் பிஸ்டல் மருந்து நிரப்பிக் கொண்டு வந்த பதினைஞ்சை உங்கட பெட்டியில வைச்சார்."

சூசைப்பிள்ளையின் வாய் பிளந்தது.

"அட பாவி! என்னையோ... என்னையோ கொல்லப் பாத்தவன்?"

"ஏன் அங்கிள்?"

"இந்தா, இதுக்குத்தான்!" சுவரில் நடுவாக இருந்த கொம்பைக் காட்டினார். "மூண்டு வருசமா அந்தக் கிடாய் மானுக்குக் காவல் இருந்தவன். மே மாசம் நான் முந்திச் சுட்டுட்டன். அண்டையில இருந்து ஒரு மாதிரித்தான் திரிஞ்சவன். இறைச்சி குடுத்தும் வாங்கேல்லை. நீ இப்ப சாப்பிடுறியே... அதுதான்!"

கிளோறியா வாயில் இருந்ததைக் குப்பைத் தொட்டியில் துப்பினாள்.

ஷெல்லடிக்குத் தப்பி, ஒரே அகதி முகாமில் ஒரே அறையில் ஒரே போர்வைக்குள் படுத்த இரண்டு பேர். இங்கே வந்து ஒரு மான் கொம்புக்கு! தூ...

"கர்த்தர்தான் என்னைக் காப்பாத்தினவர் பிள்ளை." சூசைப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார். "அவனே மாறிப் போட்டுச் சுட்டிட்டான். தன் வினை தன்னைச் சுடும்!"

"உங்கட பெட்டியில இருந்த தோட்டா அவரின்ர பெட்டிக்கு நடந்து போனதோ?"

சூசைப்பிள்ளை சிரித்து மழுப்பினார்.

கிளோறியா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசிப் பக்கம். விரலை வைத்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக் கூட்டினாள்.

"ப... பதி... மூண்டு. எடை... சரி. பதி... நாலு. எடை சரி."

சூசைப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பதினைஞ்சு. எ... டை... பி... ழை."

"பிள்ளை... அதைத் தா."

"திரு... திருப்பி..."

"தா எண்டுறன்!"

பாய்ந்தார். வாசலில் நின்ற சீருடைப் போலீஸ்காரர் ஒரே எட்டில் வந்து அவர் தோளை அமுக்கினார்.

கிளோறியா முழு வரியையும் படித்தாள்.

"பதினைஞ்சு. எடை பிழை. லோரன்சிட்டைத் திருப்பிக் குடுத்தது."

கொப்பியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை காலமை தராசில நிறுத்தீங்கள். ஒண்டு பாரம் கூட. ஆர் செய்தது எண்டு விளங்கிட்டுது. நம்பரைத் துடைச்சீங்கள். சுடுதளத்தில அவர் அங்கால திரும்பின நேரம் அவரின்ர பெட்டியில கலந்து வைச்சீங்கள். பிறகு பக்கத்தில இருந்து பாத்தீங்கள்!"

"அவன் என்னைக் கொல்ல வந்தவன்!"

"போலீசுக்கு ஒரு போன் அடிச்சிருந்தா அவர் உள்ள இருப்பார். நீங்கள் வீட்டில இருப்பீங்கள். லோரன்ஸின்ர மனிசி புஷ்பராணி ஆன்ரி தாலியோட இருப்பா."

சூசைப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"'பிரிச்சது' எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தா, ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே அங்கிள்?"

"கொப்பியில..." நிமிர்ந்தார். "கொப்பியில பொய் எழுதக் கூடாது, பிள்ளை."

ஆளைக் கொல்லலாம். அஞ்சலி உரை எழுதலாம். கொப்பியில் மட்டும் பொய் எழுதக் கூடாது! என்ன ஒழுக்கமோ, கருமம்!

விலங்கு மாட்டினார்கள். கிளோறியா கைபேசியில் மணி பார்த்தாள். பதினொன்று ஐம்பது. ஹென்ரிக்குக்கு அழைத்து, கோப்பை மூட வேண்டாம் என்று ஒரே வரியில் சொன்னாள்.

போலீஸ் காரின் கதவருகே சூசைப்பிள்ளை நின்றார்.

"நீ... எப்ப தமிழ் வாசிக்கப் பழகினனீ?"

"அம்மா கொழும்பில இருந்து கட்டுக் கட்டாக் கொலைக்கதைப் புத்தகம் எடுப்பிக்கிறவ. அதுகளை வாசிச்சுத்தான்."

அவர் தலையைக் குனிந்து காருக்குள் ஏறினார். கிளோறியா கதவைச் சாத்தப் போனவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அங்கிள், அந்த முப்பத்திரண்டை மறக்காமல் வெட்டித் திருத்துங்கோ. கொப்பியில பொய் இருக்கக் கூடாது எல்லே!"