கண்ணாடிக்குள் இடது கை

கசார்வாடிப் பட்டறையில் பிரஸ் மெஷின் பாஸ்கரின் இடது கையைத் தின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. 2003இல் ஒரு மழைக்கால மதியம், புனேயில் நான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்கு அவர் வந்தார். கரண்ட் இல்லை. ஸ்பிரிட் வாடையும் ஈரச்சுவர் வாடையும் மூக்கில் ஏறின.

"இல்லாத கை வலிக்குது மேடம். யாரோ நகத்த வெச்சு அழுத்துறாப்ல இருக்கு. இது நின்னாதான் வேலைக்குப் போக முடியும். எம் பொண்ணு பட்டுவுக்கு நான் ஒருத்தன்தான்."

எனக்குப் பேய், பிசாசு என்றாலே எரிச்சல். கை போனாலும் மூளைக்கு அது தெரியாது, அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வலது கையை வைத்தால் பிம்பம் இடது கையாகத் தெரியும். மூளை ஏமாந்து வலியை விடும். மோதிரம் மட்டும் கூடாது. இடது கையில் இல்லாத மோதிரம் தெரிந்தால் மூளை நம்பாது.

பாஸ்கர் வலது கை மோதிரத்தைக் கழற்றத் தயங்கினார்.

"எம் பொண்டாட்டி அகல்யா போட்டுவிட்டது மேடம். கடக்வாஸ்லா அணைத் தண்ணியில முங்குறப்போ என் இடது கையப் புடிச்சிருந்தா. நான்தான் உதறிட்டேன். இல்லேன்னா நானும் போயிருப்பேன்."

"மனசு வலியும் உடம்பு வலியும் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடுங்க. இங்க அழுதா அங்க கேக்கும். பயப்படாம கழட்டுங்க."

அதட்டித்தான் சொன்னேன். பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார்.

"மெதுவா விரலை விரிங்க."

கண்ணாடிக்குள் இடது கை விரிந்தது. பாஸ்கர் அழுதுகொண்டே சிரித்தார்.

"விட்டுட்டா மேடம்! விட்டுட்டா!"

அப்போதுதான் அறையில் சேற்று வாடை அடித்தது.

கண்ணாடிக்குள் கை விரிந்தே இருந்தது.

வெளியே வலது கை இறுக மூடியிருந்தது.

பாஸ்கர் அலறினார். அந்த விரல்களைப் பிரிக்க என் பலம் முழுவதும் போதவில்லை. கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

புறங்கையில் நான்கு நகத்தடங்கள், ரத்தம் கட்டி.

அவருடைய நகம் அங்கே எட்டாது. கீற அவருக்கு இன்னொரு கையும் இல்லை.

"அகல்யா," என்று கிசுகிசுத்தார் பாஸ்கர். "பட்டுவுக்குச் சோறு போட இந்தக் கை ஒண்ணுதான்டி இருக்கு."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஐந்தாவது நகம் பதிந்தது.